டாக்டர் மங்கையர்க்கரசி பேசுகிறேன்

அக்கா, ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள், சத்தியமாக. ஆனால் ஒரு நிபந்தனை. இப்போது சிரிக்கக் கூடாது. காரியாபட்டி தாண்டட்டும், வலையங்குளம் தாண்டட்டும், மதுரையில் இறங்கி என் கண்ணுக்கு எட்டாத தூரம் போய், ஏதாவது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரியுங்கள். இப்போது சிரித்தால் நான் தொலைந்தேன். முன்னால் பாருங்கள். நேராகப் பார்க்காதீர்கள், சும்மா பார்ப்பதுபோல. மூன்று சீட்டுக்கு முன்னால், வெள்ளைச் சட்டை, பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. அவர்தான் என் அப்பா. வேடிக்கையே அவரை வைத்துத்தான்.

முறுக்கா? வேண்டாம் அக்கா, பசியில்லை. காலையிலா? டீ குடித்தேன்.

சிரிப்பு வரும், பொறுங்கள். முதலில் என்னைப் பற்றி. என் பெயர் தர்ஷினி, பிளஸ் ஒன் படிக்கிறேன். எனக்குக் குரல் எடுக்க வரும். யார் குரலானாலும் இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை அது என் வாயிலிருந்து வரும். எங்கள் ஹெச்.எம். மிஸ் குரலில், "இன்று கடைசி இரண்டு பீரியட் கிடையாது, வரிசையாகக் கலைந்து செல்லவும்" என்று மைக்கில் சொல்லி, எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் குமாஸ்தா சங்கிலி அண்ணன் இருக்கிறாரே, அவர் குரல் மூக்கிலிருந்து வரும். "சார், கட்சிக்காரரு வந்து முக்கா மணி நேரமாச்சு சார். ரெண்டு டீ குடிச்சிட்டாரு சார். மூணாவதுக்குப் பாக்கறாரு சார்." பாருங்கள், அப்பா கழுத்து லேசாகத் திரும்பியது. மெதுவாகப் பேசுகிறேன்.

அப்பா வக்கீல். இருபத்திரண்டு வருஷமாக. கோர்ட் வாசலில் டவாலி என்று ஒருவர் நிற்பார், தோளில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு. வழக்கை எடுக்கும்போது கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது தடவை ஊருக்கே கேட்கும்படி இழுப்பார். அதற்குள் கட்சிக்காரரோ வக்கீலோ ஓடி வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் எதிராளி பக்கம் தீர்ப்பாகிவிடும். அதனால் வக்கீல்களுக்கெல்லாம் அந்தக் குரல் தூக்கத்தில்கூடக் கேட்கும். சித்திரை மாதம் ஒருநாள், அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது பாத்ரூம் வாசலில் நின்று, அவருடைய கட்சிக்காரர் ஒருவர் பெயரை எடுத்து நான் டவாலியாகிவிட்டேன். "மாரிச்சாமி... மாரிச்சாமி... மாரிச்சாமீ ஈ ஈ!" தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு, "ஆஜர்! ஆஜர்!" என்று வெளியே வந்து நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க அரைமணி நேரமானது. அம்மா போஸ்ட் ஆபீஸுக்கு லேட்டாகப் போனாள்.

அக்கா! சிரிக்காதீர்கள் என்றேனே. அந்த வேடிக்கை இது இல்லை. இது அதற்கு முன்னால்.

ஆனி மாதம் அதே விளையாட்டை மறுபடி விளையாடினேன். மேஜைமேல் கிடந்த ஒரு வழக்குக் கட்டிலிருந்து பெயரை எடுத்தேன். "ராக்கம்மா... ராக்கம்மா..." மூன்றாவதைக் கூப்பிடவில்லை. அப்பா கையிலிருந்த காபி டம்ளர் விழுந்து உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டையில் காபிக் கறையோடு அப்படியே கோர்ட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் சங்கிலி அண்ணன் சொல்லித்தான் தெரியும்: அன்றைக்கு கோர்ட் கேட்வரை போய், வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாராம். உள்ளே போகவேயில்லையாம். "சார் கை இப்பிடி ஆடுது பாப்பா. பேனாவைக் குடுத்தா பேனாவும் ஆடுது."

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் சங்கத்தில் ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். மதுரையில் மனநல மருத்துவர், டாக்டர் மங்கையர்க்கரசி. அப்பாவா போய் உட்கார்வார்? அங்கே கொடுத்த தாளை மட்டும் சங்கிலி அண்ணன் வாங்கிவந்து கொடுத்தார். "வழக்கறிஞர்களுக்கான மன அழுத்த மேலாண்மை: ஏழு வழிகள்." கீழே டாக்டரம்மா பெயர், போன் நம்பர், அதற்கும் கீழே பொடி எழுத்தில், "தாங்கள் கூறும் விவரங்கள் முற்றிலும் ரகசியமாகக் காக்கப்படும்." அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். நம்பரைப் போடுவார், கட் பண்ணுவார். போடுவார், கட் பண்ணுவார். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள், "பாப்பா, கண்ணாடி இல்லாம தெரியல. இந்த நம்பரை என் போன்ல ஏத்திக் குடு" என்றார்.

இப்படி ஒரு வாய்ப்பை விட்டால் நான் என்ன பிறவி? வீட்டில் அம்மாவின் பழைய பட்டன் போன் ஒன்று உண்டு. காஸ் புக் பண்ண மட்டும் அதில் சிம் கிடக்கிறது. அப்பா போனில் டாக்டர் பெயரைப் போட்டு, இந்தப் பட்டன் போன் நம்பரை ஏற்றினேன்.

திட்டம் என்ன தெரியுமா? அப்பா போன் போடுவார். நான் ஜட்ஜ் குரலில் எடுப்பேன். எங்கள் ஊர் ஜட்ஜுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். "மிஸ்டர் தவமணி, மூணு தடவை கூப்டாச்சு. எங்கே போயிட்டீங்க?" அப்பா மொட்டை மாடியிலேயே ஒரு குதி குதிப்பார், அப்புறம் சிரிப்பார், பழையபடி ஆகிவிடுவார். அவ்வளவுதான் அக்கா திட்டம். ஒரு சிரிப்பு. அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி ஏறினார். நான் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் பழைய கிரைண்டருக்கும் நடுவில் குந்தியிருந்தேன். போன் அதிர்ந்தது. எடுத்து, ஜட்ஜுக்காக மூக்கை உறிஞ்சுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர்... என் பேரைச் சொல்லணுமா? சொல்லாம பேசலாமா?"

அப்பா குரலை நான் நூறு தடவை எடுத்திருக்கிறேன். இந்தக் குரல் என்னிடம் இல்லாத குரல். ஜட்ஜ் தொண்டையிலேயே நின்றுவிட்டார். வாய்க்கு வந்தது எங்கள் ஹெச்.எம். மிஸ் குரல். நல்லவேளை, அது ஐம்பது வயது அம்மாள் குரல்தானே. "பரவாயில்லைங்க சார். மெதுவாச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

அழுதார் அக்கா. தலைக்கு மேலே மாடியில் அவர் நடக்கிற சத்தம் கேட்கிறது. காதுக்குள் அவர் அழுகிற சத்தம் கேட்கிறது. நான் நடுவில்.

விஷயம் இதுதான். ராக்கம்மா என்று இட்லிக் கடை வைத்திருக்கிற ஒரு அம்மா. குடியிருக்கிற வீடு தனக்குத்தான் என்று மைத்துனன் கேஸ் போட்டிருக்கிறான். பதினாலாம் தேதி வாய்தா. அப்பா டைரியில் இருபத்து நாலு என்று எழுதிவிட்டார். பதினாலாம் தேதி டவாலி மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் போகவில்லை. வீடு மைத்துனனுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. முப்பது நாளுக்குள் மனுப் போட்டுத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஏன் வரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். வக்கீல்களிடம் இதற்கென்று ஒரு காரணம் ரெடியாக இருக்கிறது: கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலை! எல்லா மனுவிலும் காமாலைதான். காய்ச்சல் என்றால் இரண்டு நாளில் போய்விடும். காமாலை என்றால் நாட்டு மருந்து, பத்தியம், ஒரு மாதம் ஓட்டலாம். ஜட்ஜுக்கும் தெரியும், எதிர் வக்கீலுக்கும் தெரியும். சங்கிலி அண்ணன் கேட்காமலே டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். ராக்கம்மாவும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது அப்பாவுக்கு ஒரு தூக்கில் இட்லி வைத்துவிட்டுப் போனாளாம்.

"அந்த இட்லியை என்னால தின்ன முடியல டாக்டர்" என்றார் அப்பா. "எதிர் வக்கீல் அவளைக் கூண்டுல ஏத்தி, என்ன மருந்தும்மா சாப்ட்டன்னு கேப்பான். என்மேல இருக்கிற நம்பிக்கைல அவ பொய் சொல்லுவா. இல்ல, நான் எந்திரிச்சு, தப்பு என்னுதுன்னு சொல்லணும். சொல்லிட்டா ஊர்ல எவன் எங்கிட்ட கேஸ் கட்டைக் குடுப்பான்? கோர்ட் கேட்டைப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது டாக்டர்."

நான் என்ன சொல்வது? எனக்கு உயிரியலில் எழுபத்தொன்று. தாளை நான் ஏற்கெனவே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். முதல் வழியைப் படித்தேன். "மூச்சை நாலு எண்ணுற வரைக்கும் உள்ளே இழுங்க சார். நாலு எண்ணுற வரைக்கும் நிறுத்துங்க. ஆறு எண்ணி விடுங்க."

இதிலிருந்து வேடிக்கைதான். தினமும் ஆறு மணிக்குப் போன். தினமும் ஒரு வழி. காலையில் அப்பா மூச்சு இழுக்கிற இழுப்பில், குக்கர்தான் விசில் விடப்போகிறது என்று அம்மா அடுப்பை அணைத்தாள். இரண்டாவது வழி, "வழக்குக் கட்டுகளைப் படுக்கை அறைக்குள் கொண்டுசெல்லாதீர்." எல்லாக் கட்டும் சமையலறைக்குப் போனது. "என்ன இது, கொத்தமல்லி எடுக்கப் போனா கொலைக் கேஸ் கையில வருது!" அம்மா குரல் நன்றாக வருகிறதா? மூன்றாவது, "வாய்தா டைரியை இருவர் சரிபார்க்கவும்." சங்கிலி அண்ணன் காலையில் வந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிறதுபோல தேதிகளை ஒப்பிப்பார். நான்காவது, நடக்க வேண்டும். ஐந்தாவது, "நாளொன்றுக்கு ஒருமுறையாவது வாய்விட்டுச் சிரிக்கவும்." அப்பா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார். ஹ. ஹ. ஹ. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டதுபோல. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சும்மா, வேடிக்கைக்காகத்தான்.

ஒரே ஒரு தொல்லை, ஏழு வழியும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. டாக்டரை நிறுத்தலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள். பெற்ற மகளிடம் இத்தனை நாள் அழுதிருக்கிறோம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் அப்புறம் யாரிடமாவது வாயைத் திறப்பாரா? கடைசியாகத் திறந்த கதவு அது. அதையும் நான் சாத்திவிட்டால்? அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, முற்றிலும் ரகசியமாகக் காக்கப்படும் என்று. நான் டாக்டர் இல்லைதான். அவர் டாக்டர் என்று நம்பித்தானே சொல்கிறார்?

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். "காலையில காரியாபட்டி ரோட்டுல எதிர்க்க ஒரு லாரி வந்துச்சு டாக்டர். ஒதுங்கணும்னு தோணல. ஒரு செகண்ட்தான். அப்புறம் லாரிக்காரனே ஒடிச்சுத் திருப்பிட்டான்."

தாளில் அதற்கு வழி எதுவும் போட்டிருக்கவில்லை.

"நாளைக்கும் ஆறு மணிக்குக் கூப்பிடுங்க சார்" என்றேன். "கூப்பிடுவேன்னு சொல்லுங்க." சொன்னார். "இன்னொரு தடவை சொல்லுங்க." சொன்னார்.

மறுநாள் ஒரு செம சேட்டை செய்தேன் அக்கா. விடியற்காலையில் எழுந்து அப்பா வண்டியின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "பஞ்சர் இல்ல சார், எவனோ சேட்டை பண்ணிருக்கான்" என்று காற்றடித்து அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் பிடுங்கினேன். அதற்கு அடுத்த நாளும். நான்காம் நாள் அப்பா சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, இந்தச் சாவியை நீயே வச்சுக்க. நான் இனிமே நடந்தே போறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதோடு என் வைத்தியம் பலிக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து போனில் பேச்சே மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்வார். "இன்னைக்கு நல்லாத் தூங்கினேன் டாக்டர். ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். ரோட்டுல ஓரமாத்தான் போனேன்." லாரிப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை. கூடவே என்னையும் விசாரிப்பார். "நீங்க சாப்ட்டீங்களா டாக்டர்? உங்க ஆரோக்கியத்தையும் பாத்துக்கங்க. நாங்க எல்லாரும் வந்து எங்க பாரத்தையெல்லாம் உங்க தலையில இறக்கிட்டுப் போறோம். நீங்க யாருகிட்ட இறக்குவீங்க?" அவ்வளவு மரியாதையான பேஷண்ட். "அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் சார்" என்றேன்.

ஒருநாள் நேராகக் கேட்டார். "டாக்டர், உங்க அப்பா வக்கீல்னு வச்சுக்கங்க. அவர் எந்திரிச்சு நின்னு, தப்பு என்னுதுன்னு ஊர் முன்னால சொன்னா, உங்களுக்குக் கேவலமா இருக்குமா?"

வினோதமான கேள்விதான். டாக்டரின் அப்பாவுக்கும் கேஸுக்கும் என்ன? ஆனால் டாக்டர் பதில் சொல்லியாக வேண்டும் இல்லையா. "இருக்காது சார்" என்றேன். "நான் கைதட்டுவேன்."

மாடியில் நடக்கிற சத்தம் நின்றது.

போன புதன்கிழமை விசாரணை. நடந்ததைச் சங்கிலி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று நடித்தே காட்டினார். "பாப்பா, டவாலி கூப்டாரு. உங்கப்பா எந்திரிச்சாரு. கை ஆடுச்சு, இல்லேங்கல. காமாலை மனுவைத் தூக்கிக் கீழ வச்சிட்டாரு. தன் பேர்லயே ஒரு பிரமாணப் பத்திரம். 'தேதியைத் தப்பா எழுதுனது நான். என் கட்சிக்காரர் அன்னைக்கு ஆரோக்கியமா இட்லி ஊத்திட்டிருந்தாங்க'ன்னாரு." ஜட்ஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மனுவை இப்படியும் அப்படியும் புரட்டினாராம். "பதினோரு வருஷ சர்வீஸ்ல, காமாலை வராத கட்சிக்காரரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாராம். மொத்தக் கோர்ட்டும் சிரித்ததாம். எதிர் வக்கீலும். அப்பாவும். பழைய தீர்ப்பு ரத்து. வழக்கு மறுபடி நடக்கும். ராக்கம்மா வீட்டில் ராக்கம்மா இருக்கிறாள்.

அவ்வளவுதானே அக்கா? முடிந்துவிட்டதே? டாக்டருக்கு இனி என்ன வேலை? அன்று சாயங்காலமே, "எனக்கு டெல்லிக்கு மாற்றல் சார். இனிமேல் பேச முடியாது" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமிலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி.

ஆனால் வக்கீல் சும்மா விடுவாரா? "போறதுக்கு முன்னால ஒருதடவை உங்களை நேர்ல பாக்கணும் டாக்டர். என் மகளையும் கூட்டிட்டு வரேன்" என்றார். டாக்டருக்குக் காய்ச்சல் என்றேன், காத்திருக்கிறேன் என்றார். கிளினிக்கைக் காலி செய்தாகிவிட்டது என்றேன், வீட்டுக்கு வருகிறேன் என்றார். எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் கே.கே. நகர், மூன்றாவது தெரு, பச்சை கேட் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். சனிக்கிழமை என்றார். இன்றைக்கு என்ன கிழமை? அதேதான்.

அதனால்தான் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள் என்று. பாருங்கள், டாக்டரைப் பார்க்க அப்பா போகிறார். டாக்டர் மூன்று சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அதே பஸ்ஸில் போகிறாள். பஸ்ஸும் நிற்க மாட்டேன் என்கிறது. ஜன்னல் கம்பியில் தலை நுழையுமா என்றுகூடப் பார்த்தேன்.

யோசனை இல்லாமல் இல்லை. இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு பாத்ரூமுக்குள் ஓடிப்போய் போன் போடுவேன். டாக்டர் விடியற்காலை ரயிலிலேயே போய்விட்டார் என்று ஒரு நர்ஸ் சொல்வாள். நர்ஸுக்குத்தான் குரல் கிடைக்கவில்லை. அதுதான் இப்போது கொஞ்சம் தொல்லை. மூன்று வாரமாக எந்தக் குரலை எடுத்தாலும் அதில் டாக்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உங்களிடம் பேச ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் பழையபடி வருகிறது. போன வாரம் வகுப்பில் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுத்தார். "தர்ஷினி." நான் எழுந்து, "சொல்லுங்க, அவசரமே இல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

எனக்கா? எனக்கென்ன அக்கா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுப்பா? அது எங்கள் குடும்ப வாகு.

ஐயோ.

பையில் அதிர்கிறது. பட்டன் போன். அக்கா, முன்னால் பாருங்கள். அவர் காதில் போன் இருக்கிறதா? இருக்கிறது. எடுக்காமல் விடலாம்தான். ஆனால் நான் ஒருநாள்கூட எடுக்காமல் விட்டதில்லையே. எடுக்காத அன்றைக்குப் பார்த்து ஏதாவது... இருங்கள். கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள். முந்தானையை இப்படி.

"வணக்கம். டாக்டர் மங்கையர்க்கரசி பேசுகிறேன்... சொல்லுங்க சார்... வீட்லதான் சார் இருக்கேன்... எந்தச் சத்தம் சார்? பாட்டா? அது பக்கத்து மண்டபத்துல கல்யாணம் சார்... ஆடி மாசத்துலயா? ஆமா சார், ஆடி மாசத்துல... கல்யாணம் இல்ல சார், காதுகுத்து... யாரு, 'வலையங்குளம் எறங்கு'ன்னு கத்துறவரா? அவரு எங்க கம்பவுண்டர் சார். வலையங்குளத்துலேர்ந்து வந்த பேஷண்ட்டை எறங்கச் சொல்றார், மாடியிலேர்ந்து..."

அக்கா, அவர் தோள் குலுங்குகிறது. அழுகிறாரா? இங்கிருந்து தெரியவில்லை.

"சொல்லுங்க சார், கேட்டுட்டுத்தான் இருக்கேன்... உங்களைப் பத்தி இல்லையா? வேற யாரைப் பத்தி?... உங்க மகளா? அவளுக்கென்ன சார், அவ நல்லாத்தானே... அதாவது, நீங்க நல்லாயிருக்கான்னுதானே சொன்னீங்க... ம்ம்... ஜன்னல் கம்பியைப் பிடிச்சிட்டு... நீங்க தெருமுனை திரும்புற வரைக்கும் நிக்கிறாளா... தினமுமா... நீங்க எப்பிடி சார் பாத்தீங்க, நீங்கதான் திரும்பியே பாக்குறதில்லையே... ம்ம்... டிபன் பாக்ஸ் அப்பிடியே திரும்பி வருதா... ராத்திரி எந்திரிச்சு வந்து உங்க மூச்சு வருதான்னு... தூக்கத்துல சார், தூக்கத்துல நடக்குறவங்க உண்டு... வீட்டுல எந்தக் குரலும் கேக்கறதில்லையா... அவ குரல்கூடவா?"

அக்கா, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை, பஸ் குலுக்குகிறது.

"எத்தனை நாளா சார் இப்பிடி?... எந்த நாள்லேர்ந்து?... நீங்க... எங்கிட்டப் பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்தா?"

"இல்ல சார், கட் ஆகல. இருக்கேன்... சொல்லுங்க... பதினொன்றரைக்கு அப்பாயின்ட்மென்ட்டா? நான் எப்ப சார் பதினொன்றரைன்னு சொன்னேன்? நான் நேரமே சொல்லலையே... தாள்ல இருந்த நம்பருக்கா... நீங்களே பேசினீங்களா... டாக்டரம்மாகிட்டயே... எல்லாத்தையுமா... அவங்க என்ன... திட்டலையா?... சரி சார்... வரோம் சார்... அதாவது, வாங்க சார்... ஒரே ஒரு விவரம் மட்டும் எழுதிக்கணும் சார்... பேஷண்ட் பேரு..."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். எழுந்துவிட்டார் அக்கா. கம்பியைப் பிடித்துப் பிடித்து இந்தப் பக்கமாக வருகிறார். சிரிக்கிறார்போலத்தான் இருக்கிறது. முகமெல்லாம் நனைந்திருக்கிறது. எனக்கு... ஒரு குரலும் வரமாட்டேன் என்கிறதே...

"அப்பா... எம் பேருக்கா?"